நனையாத கரண்டி

ஈரோட்டு நாச்சிமுத்துவுக்கு அறுபது வயதில் ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு முப்பது வயதுதான். பெயர் வசுந்தரா. செர்பியாவின் பெல்கிரேடில் படித்து, மாசிடோனியாவின் ஸ்கோப்யேவில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர். செர்பிய மொழியும் மாசிடோனிய மொழியும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஜவுளிக்கடைக்காரருக்கு இந்த வயதில் அந்த மொழியெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அவருடைய ஒரே மகள் மேகலா, வேலைக்குப் போன ஸ்கோப்யேவிலேயே ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா பில்யானா மாசிடோனியக்காரி. அப்பா மிலான் செர்பியக்காரர்.

கல்யாணத்துக்குப் போன நாச்சிமுத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் பில்யானா ஒரு தட்டில் பழப்பாகும் கரண்டியும் தண்ணீரும் வைத்து நீட்டினாள். அந்த ஊர் வழக்கம் அது. பாகை ஒரு கரண்டி வாயில் போட்டு, கரண்டியைத் தண்ணீரில் விட்டு, ஒரு மடக்குக் குடித்தால்தான் விருந்தாளி. இவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். பிடிக்காத சம்பந்தம், அந்த வீட்டில் கை நனைப்பதாவது என்று வீறாப்பு! மகள் பதறிப்போய், "அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி" என்று சமாளித்தாள்.

அந்த அம்மா, பாவம், அதை நம்பிவிட்டது. சம்பந்தி உடம்புக்கு நல்லதென்று அன்றிலிருந்து கசப்பு மூலிகைத் தேயிலையைப் பொட்டலம் பொட்டலமாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. இவரோ காபியில் சர்க்கரை போதவில்லை என்று டம்ளரைத் திருப்பி அனுப்புகிற மனுஷன்.

இப்போது பேத்தி பிறந்திருக்கிறாள். கார்த்திகையில் பயணம். மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் வாயைத் திறக்காம உட்கார்றதா இருந்தா நீங்க வரவே வேண்டாம்ப்பா."

ஆடித் தள்ளுபடி சமயத்தில், கல்யாணத் தட்டிலிருந்து தேயிலைப் பொட்டலம் வரை வசுந்தரா டீச்சரிடம் ஒப்பித்துவிட்டு வகுப்பில் சேர்ந்தவர். ஐப்பசி வந்துவிட்டது. இன்னும் ஒரு வாக்கியம் பேச வரவில்லை. இரண்டில் எது தேவலை என்று கேட்டால் மட்டும் மணிக்கணக்கில் பேசுவார்.

"டீச்சர், இன்னைக்கு முடிவாச் சொல்லிப்போடுங்க. எதைப் படிக்கட்டும்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க ஐயா?"

"மாசிடோனியன்ல பேர்ச்சொல்லு வச்சது வச்சபடி நிக்குது. செர்பியன்ல எடத்துக்கு எடம் வால் மாறுது. அப்ப மாசிடோனியன்தானுங்களே சுலபம்?"

"வீடு. வீட்டை. வீட்டுக்கு. வீட்டுல. நம்ம பேச்சுல வால் மாறலீங்களா?"

"அட, ஆமாங்க! அப்ப நமக்குச் செர்பியன்தான் தோது."

"மாசிடோனியன்ல நேர்ல பார்த்ததுக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்க, பிறத்தியார் சொல்லிக் கேட்டதுக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்க. நாம 'வந்தான்', 'வந்தானாம்'னு சொல்றோமே, கிட்டத்தட்ட அப்படி."

"அடக் கடவுளே, அதுவும் நம்மளதாட்டவே இருக்குதே!" நாச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். "மறுபடியும் மொதல்ல இருந்தா?"

"சம்பந்தி ரெண்டு பேரும் வீட்டுல எப்படிப் பேசிக்கிறாங்க?"

"அந்தம்மா அது பேச்சுல கேக்கும். அவரு அவரு பேச்சுல பதில் சொல்லுவாரு. ரெண்டு பேருக்கும் புரிஞ்சுபோகுமாம். எனக்குத்தானுங்க பயமா இருக்குது. தப்பான மொழியைப் படிச்சுட்டுப் போய் நிக்கக் கூடாது பாருங்க."

டீச்சர் எழுந்து உள்ளே போனார். இரண்டு தட்டுகளோடு திரும்பி வந்தார். தட்டுக்கு ஒரு கிண்ணம் பழப்பாகு, ஒரு கரண்டி, ஒரு டம்ளர் தண்ணீர்.

"இடது பக்கம் மாசிடோனியாவுல இருந்து வந்தது. வலது பக்கம் செர்பியாவுல இருந்து வந்தது. பாருங்க."

நாச்சிமுத்துவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவருக்குப் பிறவிக் குணம். புடவைக்குப் புடவை நூல் பார்த்த கண் அல்லவா! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது அத்தி. பிஞ்சுலயே பறிச்சுப் பாகுல போட்டிருக்காங்க. பாகு நல்லா இறுகி நிக்குது. அது செர்ரிங்க. நெறம் தூக்கலா இருக்குது, ஆனா பாகு இளகிப்போச்சு."

"வேற?"

"அத்தி முழுசு முழுசா இருக்குது. செர்ரில ரெண்டொண்ணு நசுங்கியிருக்குது. வாசனைக்கு அத்தியில என்னமோ சேர்த்திருக்காங்க."

"வேற?"

"அவ்வளவுதானுங்க. எது ஒசத்தின்னு இனி நீங்கதான் சொல்லோணும்."

டீச்சர் இரண்டு தட்டையும் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"கரண்டி நனையவே இல்லைங்களே, ஐயா. அன்னைக்கும் தட்டு இப்படித்தான் திரும்பிப் போச்சுங்களா?"

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். நீட்டிய தட்டோடு நின்ற பில்யானா கண்முன் வந்தாள். அவள் முகத்தை அவர் அன்றைக்குச் சரியாகக் கூடப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. எந்தக் கிண்ணம் என்று பார்க்காமல் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டார். கரண்டியைத் தண்ணீரில் விட்டார். டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

"டீச்சர், இன்னொரு கரண்டி வேணும்னு எப்படிக் கேக்கறது?"

"எந்த மொழியில?"

"தட்டைக் கொண்டாந்து நீட்டுன அந்தம்மா மொழியிலங்க. மிலான் பேச்சை, அவரு பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே கத்துக்குவேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சர்க்கரைக்காரருக்கு அந்தம்மா ரெண்டாவது கரண்டி குடுக்காதுங்க. எனக்கு வியாதி இல்லேன்னு சொல்றதை மொதல்ல படிச்சுக்கலாம்."