ஐந்தாவது வரி

திருப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அதன் தாளாளர் தெய்வசிகாமணிக்குத் தன் குரல் ஒன்றுதான் சங்கீதம். அங்கே இரண்டாம் வகுப்புக்கு ஸ்பானிஷ் சொல்லித்தர வந்த பிரிசில்லா, கிழமைப் பெயர்களைக் கும்மி மெட்டில் பாடவைத்தாள்.

ஒருநாள் தாளாளர் வகுப்புக்குள் நுழைந்து, "வியாழக்கிழமைக்கு ஸ்பானிஷில் என்ன?" என்று கேட்டார்.

பிள்ளைகள் கைதட்டித் திங்கள்கிழமையில் ஆரம்பித்தார்கள். "லூனெஸ், மார்த்தெஸ், மியெர்கொலெஸ், ஹுவேவெஸ்!"

"நிறுத்துங்க! இது படிப்பா, கோயில் நோம்பியா? ராகம் கூடாது, முதல்ல இருந்து வரவும் கூடாது. கேட்டதை மட்டும் இப்பவே சொல்லணும். இல்லைன்னா டீச்சர் இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்."

பிள்ளைகள் திரும்பி டீச்சரைப் பார்த்தார்கள்.

"சரிங்க சார்," என்றாள் பிரிசில்லா. "எப்படின்னு நீங்களே ஒருதடவை காட்டிருங்க. நீங்க எழுதி, தினமும் எங்களோட பாடுற பள்ளிப் பாட்டுல அஞ்சாவது வரி மட்டும். ராகம் வேண்டாங்க."

தாளாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். விரல் தொடையில் தாளம் போட்டது. உதடு முதல் வரியிலிருந்து முணுமுணுக்க ஆரம்பித்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

அன்று சாயங்காலமே பிரிசில்லாவுக்கு வேலை போயிற்று.

மறுநாள், பள்ளிப் பாட்டையும் ராகமில்லாமல் ஒப்பிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. காலைக் கூட்டத்தில் அறுநூறு பிள்ளைகளும் தட்டுத்தடுமாறி நாலு வரி ஒப்பித்து, ஐந்தாவதில் நின்றுவிட்டார்கள். மேடையில் தாளாளரும் அதே வரியில்தான் நின்றார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. உத்தரவைப் பார்க்காமல் ராகத்தோடு எடுத்துக்கொடுக்கத் துணிகிறவள் ஒருத்தி இருந்தாள். அவளைத்தான் நேற்றே அனுப்பியாயிற்றே.