பின்கேட் வழியாக வந்தவர்கள்

சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவுக்கு முப்பதுதான் ஆகிறது. இருவருக்குமே கோபம். சீடர் கத்தினார், குரு கத்தவில்லை.

சீடர் பெயர் மங்கையர்க்கரசி. மருத்துவக் கல்லூரி ஒன்றில் நரம்பியல் டாக்டர். வார்டில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே மாணவர்கள் எழுந்து நிற்பார்கள். குரு பிரிட்டோ அதே கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர். திக்கிப் பேசுகிறவர்களின் மூளையையும் சரளமாகப் பேசுகிறவர்களின் மூளையையும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட நினைத்த டாக்டர், கணக்குப் புரியாமல் அவரிடம் பாடம் கேட்க வந்தார். அன்றிலிருந்து அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்.

வாத்தியார் பள்ளிக்கூடத் தமிழிலேயே நிரை, நிரல் என்று சொல்லிக்கொடுத்தார். அட்டவணையில் குறுக்கே போகும் ஒவ்வொரு நிரையும் ஓர் ஆள். மேலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு நிரலும் அந்த ஆளைப் பற்றிய ஒரு கேள்வி. திக்குகிறவரா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். அந்தக் கேள்விக்கு மூளையின் எந்த இடம் பதில் சொல்கிறது என்று கணினி நிறம் போட்டுக் காட்டும்.

காட்டவும் செய்தது. திக்குகிறவர்களின் மூளையில் இடப்பக்கம் ஒரு சிவப்புத் திட்டு. டாக்டர் துள்ளிக் குதிக்காத குறை.

பிரிட்டோ இன்னொரு நிரலைச் சேர்த்தார். எந்த இயந்திரத்தில் எடுத்த ஸ்கேன்? பழையது என்றால் ஒன்று, புதியது என்றால் பூஜ்யம். திட்டு காணாமல் போய்விட்டது. இரண்டு நிரலும் ஒன்றேதான், பிரித்துச் சொல்ல முடியாது என்று கணினி கைவிரித்தது.

டாக்டருக்கு வந்ததே கோபம்!

"அந்த நிரலைத் தூக்குங்க."

"முடியாது டாக்டர்."

"மூணு வருஷ உழைப்பு. உங்க ஒத்தை நிரல் அப்படியே முழுங்கிடுச்சு."

"நான் புதுசா எதுவும் சேர்க்கல. நடந்ததை எழுதினேன்."

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்குப் புது ஸ்கேன் இயந்திரம் வந்திருந்தது. அது காசு கட்டும் நோயாளிகளுக்கு. பஸ் பிடித்து வந்த திக்குவாய்க்காரர்களை எல்லாம் முன்வாசல் காவலாளி பின்கேட்டுக்கு அனுப்பினார். அங்கே பழைய கட்டடம், பழைய இயந்திரம். சரளமாகப் பேசுகிறவர்களாகச் சேர்ந்ததோ மருத்துவ மாணவர்கள். வெள்ளைக் கோட்டை யார் தடுப்பார்கள்? சாப்பாட்டு இடைவேளையில் புது இயந்திரத்திலேயே படுத்து எழுந்து போனார்கள். அவர்களோடு டாக்டரும் படுத்தார். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அதனால என்ன? ரெண்டும் ஸ்கேன் மெஷின்தானே?"

பிரிட்டோ கணினிப் பக்கம் திரும்பினார். திக்கல் நிரலை அழித்தார். இயந்திர நிரலை மட்டும் விட்டுவைத்துக் கணினியை ஓடவிட்டார்.

அதே இடம். அதே சிவப்புத் திட்டு.

"இப்ப படிங்க."

"என்னத்தைப் படிக்க?"

"பழைய மெஷினுக்குத் திக்குவாய்னு வந்திருக்கு."

டாக்டர் மேஜையில் ஓங்கி அறைந்தார். டீ கிளாஸ் உருண்டது. மரியாதையும் கூடவே போய்விட்டது.

"விளையாடறியா? என் தம்பி வாழ்க்கை இதுல இருக்குடா!"

தம்பி சேந்தன் தமிழாசிரியர். திக்குவார். தலைமையாசிரியர் பதவி தேடி வந்திருந்தது. காலை வணக்கக் கூட்டத்தில் தினமும் பேச வேண்டுமே என்று பயிற்சிக்குப் போய், கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியும் வந்தார். அக்காவின் ஆராய்ச்சிக்காக அவரும் வந்து ஸ்கேனில் படுத்தார். சிவப்புத் திட்டைப் பார்த்த அன்றைக்கே டாக்டர் தம்பிக்குப் போன் போட்டுவிட்டார். "உன் தப்பு இல்லடா, மூளையே அப்படி. பயிற்சியெல்லாம் வீண்." பாசத்தில்தான் சொன்னார். சேந்தன் பயிற்சியை நிறுத்தினார். திங்கட்கிழமை பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறார்.

பிரிட்டோ உருண்ட கிளாஸை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"நீங்க புதுசுல படுத்திருக்கீங்க. ஒரு தடவை பழசுல படுத்துட்டு வாங்க."

"படுக்கறேன். பொய்யின்னு ஆச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்."

முன்பு புது இயந்திரத்தில் படுத்த மாணவர்களையும் டாக்டர் அதட்டி இழுத்துக்கொண்டு போனார். பழைய கட்டடத்தில் விசிறி ஓடவில்லை. மெத்தை கிழிந்திருந்தது. உள்ளே இருப்பது யாரென்று பார்க்காமலே, "ஏய், தலையை ஆட்டாத!" என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் அதட்டியது. டாக்டர் வாயைத் திறந்தார். இயந்திரம் போட்ட கூச்சலில் அவர் பேசியது அவருக்கே கேட்கவில்லை.

மறுநாள் படங்கள் வந்தன. புது இயந்திரத்தில் எடுத்த அவருடைய மூளையோடு பழையதில் எடுத்த அவருடைய மூளையை ஒப்பிட்டால், இடப்பக்கம் சிவப்புத் திட்டு. மாணவர்களுக்கும் அதே இடத்தில் அதே திட்டு. மூச்சுவிடாமல் பேசுகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் திக்குவாயர்கள் ஆகியிருந்தார்கள்.

டாக்டர் படங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அதுவே அவருக்கு ஆத்திரமாக இருந்தது.

"அப்ப திக்கறவங்க மூளையில வித்தியாசமே இல்லையா வாத்தியாரே?"

"தெரியாது. நாம இன்னும் அதைக் கேட்கவே இல்ல."

"சேந்தன்கிட்ட நான் என்ன சொல்ல?"

முதல்முறையாக பிரிட்டோவின் குரல் நடுங்கியது. பயத்தில் அல்ல, கோபத்தில்.

"ஸ்கேனுக்கு வந்த அன்னிக்கு முன்வாசல்ல அவர் உங்க பேரைச் சொல்லப் பார்த்தார் டாக்டர். முதல் எழுத்தே வரல. வாட்ச்மேன் சிரிச்சுக்கிட்டே பின்கேட்டைக் காட்டினாராம். அக்காகிட்ட சொல்லாதீங்கன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டார்."

டாக்டர் எழுந்துவிட்டார்.

"வாட்ச்மேனை அப்புறம் திட்டுங்க. நாளைக்கு நீங்களே போய், சொன்னது தப்புன்னு சொல்லி, கையைப் பிடிச்சு முன்வாசல் வழியா அவரைக் கூட்டிட்டு வாங்க. புதுசுல அவர் படுக்கட்டும். திக்காத நான் பழசுல படுக்கறேன்."