ஓடி முடித்தவருக்கு ஒரு முட்டை

"டீச்சர், ஓடி முடிச்சதும் புரதம் சாப்பிடணுமா, வேண்டாமா?"

கேட்டவர் தேவசகாயம். வயது நாற்பத்து நான்கு. பஸ் டிப்போவில் டைம் கீப்பர். பாளையங்கோட்டையில் ஒரு மைதானத்தைப் பன்னிரண்டு முறை சுற்றிவிட்டு, முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

நீலவேணி குனிந்து தடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் ஓட வருகிறவர்களுக்கு அவள்தான் பயிற்சி தருகிறவள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள்.

"யாரு என்ன சொன்னா அண்ணாச்சி?"

"போன்ல பாத்தேன். அரை மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டே ஆகணும்ங்கான் ஒருத்தன். அது எடை தூக்குறவனுக்கு, ஓடுறவனுக்கு வேண்டாம்ங்கான் இன்னொருத்தன். நீங்க சொல்லுங்க."

அவள் கோட்டை முடித்தாள். கையைக் கழுவினாள். பையிலிருந்து அவித்த முட்டை ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவ்வளவுதான் பதில்.

அவர் மரியாதையாக வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாளும் ஒரு முட்டை கொடுத்தாள். அதற்கடுத்த நாளும் கொடுத்தாள்.

ஆறாம் நாள், எட்டாவது சுற்றில், கால் மடங்கி விழுந்தார்.

அவரை வேப்ப மர நிழலில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"முட்டையெல்லாம் எங்க போச்சு?"

அவர் தலை நிமிரவில்லை.

"கேட் பக்கத்துல ஒரு நாய் இருக்கு டீச்சர்."

"தெரியும். அஞ்சு நாளா நல்லா ஓடுது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"எங்க அக்காவுக்கு ஈரல் கெட்டுப் போச்சு. என் ஈரல்ல ஒரு பங்கு எடுத்து வைக்கலாம்னு சொன்னாங்க. ரத்தம் ஒத்துப் போவுது, எல்லாம் ஒத்துப் போவுது. ஆனா என் ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்காம். ரெண்டு மாசத்துல அதைக் குறைக்கணும். குறைஞ்சாத்தான் ஆபரேஷன்."

"சாப்பிடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரா?"

"இல்ல. எண்ணெய், சீனி வேண்டாம்னாரு. முட்டை, பயறெல்லாம் சாப்பிடச் சொன்னாரு."

"பெறவு?"

"வாயில வைக்க முடியல டீச்சர். ஒவ்வொரு வாயும் அவ நாள்ல ஒண்ணைத் திங்கற மாதிரி இருக்கு."

நீலவேணி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"உங்க அக்கா வீடு எங்க?"

"சமாதானபுரத்துல."

"வண்டியில ஏறுங்க."

அக்கா அன்னபாக்கியம் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. கைகால் மெலிந்து, வயிறு மட்டும் உப்பியிருந்தது. கட்டிலைச் சுற்றி அவளுக்கு வந்த பழங்களும் மருந்துகளும் ஜெபப் புத்தகங்களும். பக்கத்தில் அவள் மகள் நின்றிருந்தாள்.

நீலவேணி தன்னை யாரென்று சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். ஓடி முடிச்ச ஆளுக்குச் சாப்பிடக் குடுக்கலாமா?"

அன்னபாக்கியம் தம்பியைப் பார்த்தாள். ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள். சட்டை தோளில் தொங்குவதைப் பார்த்தாள்.

"ஏல, நீ சாப்பிடுதியா இல்லியா?"

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவள் காலைத் தரையில் ஊன்றினாள். மகள் ஓடி வந்து பிடிக்கப் போனாள். நீலவேணி அந்தப் பெண்ணின் கையை மெல்லப் பற்றி நிறுத்தினாள்.

சுவரைப் பிடித்துப் பிடித்து அன்னபாக்கியம் அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. அவள் இருமும் சத்தம் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை.

உட்கார்ந்திருப்பது தேவசகாயத்துக்குப் பன்னிரண்டு சுற்றைவிடக் கடினமாக இருந்தது.

அவள் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து முட்டையை உரித்தாள். விரல் நிலைகொள்ளவில்லை. ஓட்டோடு சேர்ந்து வெள்ளையும் பிய்ந்து வந்தது. வெகுநேரம் ஆயிற்று. பாதி பிய்ந்துபோன அதன்மேல் மிளகுத் தூளைத் தூவி நீட்டினாள்.

"தின்னு."

"அக்கா..."

"எட்டு மாசமா எல்லாரும் எனக்குக் குடுக்குதீங்க. வாங்கி வாங்கி கை மரத்துப் போச்சுல. நான் ஒருத்தருக்கும் ஒண்ணும் குடுக்கல. தின்னு."

அவர் தின்றார்.

"எப்படி இருக்கு?"

"உப்பு இல்ல."

"எனக்கு ஆகாதுன்னு இந்த வீட்டுலேயே உப்பு கிடையாது. பேசாமத் தின்னு."

மகள் சிரித்தாள். அன்னபாக்கியமும் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

மறுநாளிலிருந்து அவர் ஓடி முடித்ததும் நேரே சமாதானபுரத்துக்குப் போனார். அவர் சைக்கிள் மணி கேட்கும் முன்பே அக்கா வாசலில் நின்றாள். ஒரு நாள் முட்டை, ஒரு நாள் பாசிப்பயறு, ஒரு நாள் அவித்த கடலை. அவர் தின்னும்போது அவளும் இரண்டு வாய் தின்றாள். கட்டிலுக்குச் சாப்பாடு கொண்டுபோன காலத்தில் அந்த இரண்டு வாயும் அவளுக்கு இறங்கியதில்லை.

தேவசகாயம் மைதானத்தில் அப்புறம் விழவில்லை. எடை குறைந்தது, காலில் வலு இருந்தது. இரண்டு மாதம் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுத் தேதி குறித்தார்.

ஆபரேஷன் மதுரையில் நடந்தது. ஒரே நாளில், அடுத்தடுத்த அறைகளில்.

மூன்றாம் நாள் காலை நீலவேணி பார்க்கப் போனாள். தேவசகாயம் படுத்திருந்தார். வயிற்றில் பெரிய கட்டு. பக்கத்தில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடவே இல்லை.

அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் கூப்ப முயன்றார். ஒரு கையில் ஊசி குத்தியிருந்தது.

"டீச்சர், உங்களுக்கு நான் எப்படி..."

"இருங்க அண்ணாச்சி. அக்காவைப் பாத்துட்டுத்தான் வாரேன். கண்ணாடி வழியாத்தான். தொண்டைக் குழாயை எடுத்துட்டாங்க. பேசிட்டாங்களாம்."

"பேசினாளா?"

"ஒரே ஒரு வார்த்தை கேட்டாங்கன்னு நர்ஸ் சொல்லுது."

"என்ன கேட்டா?"

"தம்பி சாப்பிட்டானா."

தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஊசி குத்தாத கையை நீட்டினார்.

"அந்தக் கஞ்சியை எடுங்க டீச்சர்."