ஆடு தின்ற வேலநெற்று

பேச்சியம்மையின் மடம் என்றதும் கோபுரம், மணி என்று நினைத்துவிட வேண்டாம். கண்மாய்க் கரையை ஒட்டி ஓர் ஓட்டுக் கொட்டகை, பக்கத்தில் ஓர் அடுப்படி, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர்ச்சனம் வந்து உட்காரும். அம்மை பேசுவார். பேச்சு முடிந்ததும் ஆளுக்கு ஓர் இலையில் புளிச்சோறு கிடைக்கும்.

அம்மைக்குத் தொண்டை கட்டிப்போனதிலிருந்து சீடன் இருளப்பன்தான் பேசுகிறான். நாற்பதைத் தாண்டியவன். நன்றாகவே பேசுவான். ஆனால் சனத்தின் கண்ணெல்லாம் சோற்று அண்டா மேலேயே இருக்கும். கோட்டைச்சாமி என்று ஒருத்தன், இவன் வாயைத் திறந்ததுமே குறட்டை விட ஆரம்பிப்பான். அண்டா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டால் மட்டும் டாணென்று எழுந்து உட்காருவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் இருளப்பனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சித்திரையில் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அம்மையிடம் போய் நின்றான்.

"அம்மை, இனிமே புளிச்சோறு வேண்டாம்."

"ஏன், புளி தீர்ந்துபோச்சா?"

"ஒருத்தனும் பேச்சைக் கேட்க வரல. சோத்துக்கு வர்றான். சோத்துக்கு வர்றவன்கிட்ட ஞானத்தைச் சொல்லி என்ன பிரயோசனம்?"

அம்மை அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானே பேசுறே. உன் இஷ்டம். எனக்கு ஒரு வேலை மட்டும் செஞ்சு குடு. மழைக்கு மழை கண்மாய்க் கரை சரியுது. வேலமரம் இருந்தாத்தான் மண்ணு நிக்கும். கரை நெடுகக் கொட்டையை ஊனு."

மடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கருவேலமரம் நின்றது. காய் முற்றி, நெற்றாகக் காய்ந்து உதிர்கிற காலம் அது. விடிந்தால் ஊர் ஆடுகள் அங்கேதான். நெற்றைக் கடித்துத் தின்றுவிட்டு, வெயில் ஏறியதும் வேப்பமரத்தடியில் படுத்து அசைபோடும். இருளப்பன் கல்லெடுத்து விரட்டினான். ஓடின ஆடு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தது.

"சனியன்களா, உங்களுக்கா விட்டு வச்சிருக்கு?"

திட்டிக்கொண்டே நல்ல நெற்றாகப் பொறுக்கினான். உடைத்து, சொத்தையெல்லாம் கழித்து, கொட்டையைக் கரையில் ஊன்றினான். குடம் குடமாகத் தண்ணீரும் ஊற்றினான்.

அந்த வெள்ளிக்கிழமை அடுப்பு எரியவில்லை. பேச்சுக்கு இரண்டே பேர் வந்தார்கள்.

"கோட்டைச்சாமி வரலையா?" என்று கேட்டார் அம்மை.

"வேண்டாம் அம்மை. இந்த ரெண்டு பேர் போதும். நிஜமாக் கேட்கணும்னு வந்திருக்காங்க."

பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது. ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருத்தி காணாமல்போன ஆட்டைத் தேடி வந்தவள். அடுத்த வெள்ளிக்கிழமை அவளும் வரவில்லை. ஆடு கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

அதற்கப்புறம் யாருமே வரவில்லை. இருளப்பன் விரித்த பாயை அப்படியே சுருட்டி வைப்பான். அழுகை முட்டிக்கொண்டு வரும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டான்.

வைகாசியில் கோடை மழை கொட்டியது. சில நாள் கழித்துக் கரையைப் போய்ப் பார்த்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்திருந்தது. மண்ணைக் கிளறினால், கொட்டை போட்டது போட்டபடி கல் மாதிரி கிடந்தது. திரும்பி வரும் வழியில் வேப்பமரத்தடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். ஆட்டுப் புழுக்கைக்கு நடுவே கால் வைக்க இடமில்லாமல் வேலங்கன்று முளைத்திருந்தது.

அன்று வியாழக்கிழமை. அம்மை அடுப்படி வாசலில் உட்கார்ந்து தொண்டைக்கு மிளகு மென்றுகொண்டிருந்தார்.

"ஊனினது முளைச்சுதா?"

"எங்க அம்மை. நான் பொறுக்கிப் பொறுக்கி ஊனினது மண்ணுக்குள்ள தூங்குது. ஆடு தின்னு, வயித்துல ஊறி, அசைபோட்டுத் துப்பினது முளைச்சு நிக்குது. அது நடந்துபோன தடமெல்லாம் கன்னுதான்."

"ஆடு என்ன, விதை ஊனவா வந்துச்சு?"

"அதுக்கு என்ன தெரியும்? நெத்து ருசிக்கு வந்துச்சு."

"அப்ப நீ கல்லால அடிச்சு விரட்டினது சரிதான்."

பேச்சு எங்கே போகிறது என்று இருளப்பனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

"அது ஆடு, அம்மை. மனுஷனுக்கு, எதுக்கு வர்றோம்னு ஒரு நினைப்பு வேண்டாமா?"

"வேணும்தான்."

அம்மை மிளகைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டார்.

"பஞ்சத்து வருஷம் நீ இந்தக் கொட்டகைக்கு முதல்முதலா வந்தியே, அன்னைக்கு நான் எதைப் பத்திப் பேசினேன்?"

இருளப்பன் யோசித்தான். நெற்றியைச் சுருக்கி யோசித்தான். அன்றைய பசி நினைவிருந்தது. புளிச்சோற்று வாசனை நினைவிருந்தது. சுடச்சுட இலையில் விழுந்ததை ஊதக்கூடப் பொறுக்காமல் அள்ளித் தின்றது நினைவிருந்தது. பேச்சில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.

"தெரியல, அம்மை."

"எனக்கும் மறந்துபோச்சு. நீ மறுசோறு வாங்கித் தின்னுட்டு, வழிச்ச இலையோட மறுபடியும் வரிசையில வந்து நின்னது மட்டும் ஞாபகம் இருக்கு."

இருளப்பன் அடுப்படிக்குள் போய், நாளைக்குப் புளியை ஊறப்போட்டான்.