அச்சுதன் ஜெனரல் பின்வாசல் வழியே வந்த கதை

முத்துவேலி நாட்டில் வெள்ளைக்காரர்கள் நூறு வருஷம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சாமான்களிலேயே பெரியது ஒரு பதவி. அதற்கு அட்ஜுடன்ட் ஜெனரல் என்று பெயர். நம் சிப்பாய்களுக்கு அது வாயில் நுழையவில்லை. ‘அச்சுதன் ஜெனரல்’ என்று சௌகரியப்படுத்திக்கொண்டார்கள்.

அச்சுதன் ஜெனரல் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. யார் எங்கே காவல் நிற்பது, யாருக்கு லீவு, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று நாற்காலியில் இருந்தபடியே முடிவு செய்வார். முதலில் வந்தவருக்கு ஒரு மேஜையும் மைக்கூடும்தான். அடுத்தவருக்கு ஒரு பங்களா. அதற்கடுத்தவருக்கு மலைமேல் இன்னொரு பங்களா. ஏழாவது ஆள் வந்தபோது விசிறி இழுக்கவே நாலு பேர். எல்லாரும் வந்தார்கள், எதிரி மட்டும் கடைசிவரை அந்தப் பக்கம் வரவேயில்லை.

ஒருநாள் வெள்ளைக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு கப்பலேறினார்கள். மன்னர் வீரகேசரி அதே நாளில் நம்மவர் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அவர்தான் கர்னல் பராங்குசம், சின்னமருதூர் வைத்தியர் மகன். மேளம் கொட்டி, மாலை போட்டு, காரியாலயத்து முன்வாசல் வழியாக அவரை அழைத்துப் போனார்கள். மன்னரும் கூடவே நடந்தார். பார்த்தவர்களுக்கெல்லாம் நெஞ்சு நிறைந்தது. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்?

உட்கார்ந்த கையோடு பராங்குசம் மன்னரிடம் ஒரு வரம் கேட்டார்.

“மகாராஜா, ஒரு சட்டம் குறைஞ்சாலும் இந்தப் பதவிக்கு மதிப்பு குறைஞ்சிடும். வெள்ளைக்காரன் எழுதின சட்டப் புத்தகம் அப்படியே இருக்கணும். மீறினவன் யாரா இருந்தாலும் படையை விட்டுப் போகணும்.”

மன்னருக்கு அன்று ஏக சந்தோஷம். புத்தகத்தைப் பிரித்தும் பார்க்காமல் முத்திரை குத்திவிட்டார். பராங்குசமும் முழுதாகப் படித்தவர் இல்லை. பங்களாவும் விசிறியும் வருகிற பக்கங்களோடு நிறுத்திக்கொண்டவர்.

மூன்றாம் நாள் சுபேதார் மலைக்கொழுந்து காவல் பட்டியலோடு வந்தார். இருபத்தொன்பது வருஷம் வெறுங்காலோடு பின்வாசல் வழியாகவே வந்தவர். சுதந்திரம்தான் வந்துவிட்டதே என்று பூட்ஸ் காலோடு முன்வாசலில் நுழைந்தார்.

“உள்நாட்டான் பூட்ஸைக் கழட்டிட்டுப் பின்வாசல் வழியாத்தானே வரணும்? சட்டம் தெரியாதா?” என்று சீறினார் பராங்குசம்.

“ஐயா, அது அவங்க இருந்தப்ப...”

“சட்டம் சட்டம்தான். நாளைச் சாயங்காலத்துக்குள்ள உடுப்பைக் கழட்டி வச்சிட்டுப் போயிடு.”

மலைக்கொழுந்து நேரே ஆஸ்தானப் புலவர் மங்கைபாகரிடம் போனார். அரண்மனையில் வாய்த்துடுக்கும் புத்தியும் ஒரே அளவில் உள்ள ஆள் அவர்தான்.

“சாமி, வெள்ளைக்காரன் சண்டைக்கெல்லாம் கடல்தாண்டிப் போனேன். குண்டடி பட்டப்பகூட அழலை. நம்ம ஆளே போடான்னு சொன்னப்பதான் அழுகை வந்திடுச்சு.”

மங்கைபாகருக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் சிரித்த முகத்தோடுதான் மன்னரிடம் போனார்.

“எனக்கும் வருத்தம்தான் புலவரே. முத்திரை குத்தியாச்சே! வரம் கேட்டவரே வேண்டாம்னாலொழிய நான் அதை அழிக்க முடியாது” என்றார் மன்னர்.

“அழிக்க வேண்டாம் மகாராஜா. சட்டம் ஒழுங்கா நடக்குதான்னு ஒருநாள் மேற்பார்வை பார்க்க எனக்கு உத்தரவு கொடுங்க, போதும்.”

மறுநாள் காலை பராங்குசத்தின் சாரட்டு முன்வாசலில் வந்து நின்றது. அங்கே முக்காலி போட்டு, சட்டப் புத்தகத்தோடு மங்கைபாகர் உட்கார்ந்திருந்தார். காவல்காரன் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.

“டேய், நான் யார் தெரியுமா?”

“அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்” என்றார் மங்கைபாகர். “சின்னமருதூர் வைத்தியர் மகன். சின்னமருதூர் இந்த நாட்டிலதானே இருக்கு? பூட்ஸைக் கழட்டுங்க. பின்வாசல் அந்தப் பக்கம்.”

“புலவரே, விளையாடுறீரா?”

“சட்டத்தோட யாராவது விளையாடுவாங்களா? மீறினா படையை விட்டுப் போகணுமாம். யாரோ கேட்டு வாங்கின வரம்.”

பராங்குசம் பூட்ஸைக் கழற்றினார். பின்வாசலுக்கு லாயத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். குதிரைச் சாணத்தில் கால் வைத்தார். சமையல்காரர்கள் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். அறைக்குள் போய் நாற்காலியில் உட்காரப் போனார்.

“உள்நாட்டார் இந்த அறையில் நிற்க வேண்டும். முப்பத்திரண்டாம் சட்டம்” என்று வாசித்தார் மங்கைபாகர்.

நின்றார். மத்தியானம் சாப்பாட்டு மண்டபத்துக்குள்ளும் விடவில்லை. அதற்கு நாற்பதாம் சட்டம். கால் கடுக்க, வயிறு காய, பராங்குசம் வெறுங்காலோடு அரண்மனைக்கு ஓடினார். மங்கைபாகர் நிதானமாகப் பின்னால் போனார்.

“மகாராஜா, எனக்கு அந்த வரமே வேண்டாம்! உள்நாட்டார் சட்டம் அத்தனையையும் ரத்து பண்ணுங்க!”

“பண்ணலாம்” என்றார் மங்கைபாகர். “எந்த நாளிலிருந்து ரத்துன்னு கர்னலே சொல்லட்டும்.”

“இன்னியிலிருந்துதான்!”

“அப்போ நேத்து வரைக்கும் சட்டம் செல்லும். பதவியேற்ற அன்னிக்கு மாலையும் பூட்ஸுமா முன்வாசலில் போனீங்களே! மகாராஜாவே சாட்சி. சுபேதாரோட நீங்களும் மூட்டை கட்டணும்.”

பராங்குசத்துக்கு வியர்த்தது.

“இல்லை, இல்லை! சுதந்திரம் வந்த அன்னியிலிருந்தே ரத்து!”

“கேட்டுக்கிட்டீங்களா மகாராஜா? அப்படின்னா சுபேதார் ஒரு தப்பும் செய்யலை. கர்னல் வாயாலேயே சொல்லிட்டார்.”

மன்னர் முத்திரையை அழிக்கப் புலவரிடமிருந்து புத்தகத்தை வாங்கினார். மலைக்கொழுந்தின் வேலை தப்பியது. இன்னும் என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று மன்னர் அப்போதுதான் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினார். திடுக்கிட்டார்.

“புலவரே, முதல் சட்டமே, ‘இந்நாட்டான் எவனும் இப்பதவிக்கு வரக் கூடாது’ன்னு இருக்கே! இதையும் சேர்த்துத்தானே ரத்து பண்ணணும்? இல்லேன்னா கர்னலோட பதவி போயிடுமே!”

“அவசரமில்லை மகாராஜா” என்றார் மங்கைபாகர். “அது இவரைக் கட்டுப்படுத்தாது. சுதந்திரம் வந்ததிலிருந்து இன்னிக்குக் காலையில பூட்ஸைக் கழட்டுற வரைக்கும், இவர் ஒரு நிமிஷமாவது இந்நாட்டுக்காரரா இருந்தாரா?”

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மங்கைபாகருக்குத் தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையையே எடுத்துப் போர்த்தினார். பராங்குசமும் சிரிக்க வேண்டியிருந்தது. மன்னர் சிரிக்கும்போது சிரிக்காமலிருக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.