பல்பை எரியவைத்த பொன்னாடை

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நடுவராக வந்த மில் முதலாளி சடகோபன், ஆறாம் வகுப்புச் செவ்வந்தி பாட்டிலை வெட்டிச் செய்த காற்றாடியைப் பார்த்துச் சிரித்தார். அது சுற்றினால் குட்டி பல்பு எரியுமாம்.

"கரண்ட் போயி ஃபேனே ஓடல, காத்துக்கு எங்க போவ? ஊதக் கூடாது, தொடக் கூடாது. எரிஞ்சாத்தான் மாவட்டப் போட்டி!"

பாவம், பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டென்று, நடுவருக்குப் போர்த்தத் தட்டில் வைத்திருந்த பொன்னாடையை எடுத்தாள்.

"சரிங்கய்யா. முதல்ல உங்களுக்கு மரியாதை செஞ்சிடறேன்."

போர்த்துவதற்கு முன் மடிப்பைப் படபடவென்று உதறினாள். காற்றாடி சுற்றியது, பல்பு மினுங்கியது.

"அடி கெட்டிக்காரி! நீ போட்டிக்குப் போற!" பொன்னாடையை வாங்கி அவளுக்கே போர்த்த வந்தார் சடகோபன்.

"அப்புறம் போர்த்துங்கய்யா. இப்ப வீசுங்க, பல்பு அணையுது!"

முதலாளி குனிந்து நின்று வீச ஆரம்பித்தார்.