மைனாவைத் தாங்கிய சேறு

இலுப்பைக் காட்டுக் குளத்தங்கரையில் மஞ்சள்மூக்கன் என்றொரு மைனா இருந்தது. அதற்கு வாய் கொஞ்சம் நீளம். காட்டில் எது நடந்தாலும் தான்தான் முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு அதற்கு இரை இறங்காது.

அதே குளத்தில் ஓர் ஆமையும் இருந்தது. எதைக் கேட்டாலும், “இரு, போய்ப் பார்த்துட்டு வரேன்” என்று கிளம்பிவிடும். அது திரும்பி வருவதற்குள் கேட்டவருக்குக் கேள்வியே மறந்து போயிருக்கும்.

பொட்டு என்ற மான்குட்டிக்கு எல்லாவற்றையும் கேட்கிற வயது. ஆனால் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற குட்டி இல்லை. முதலில் தனக்குத் தெரிந்ததையே கேட்டுச் சோதித்துப் பார்க்கும். எந்த மரத்தடியில் இலுப்பைப் பூ உதிர்ந்திருக்கிறது என்று இருவரிடமும் கேட்டது. மைனா சட்டென்று சொன்னது, சரியாகவும் சொன்னது. ஆமை வழக்கம்போலப் பார்த்துவரப் போனது. இப்படி மூன்று முறை நடந்தது. கேட்க வேண்டியது மைனா மாமாவிடம்தான் என்று பொட்டு முடிவு கட்டிவிட்டது.

மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அதன் பேச்சை யாரும் வாய் பிளந்து கேட்டதில்லை, பாவம்.

கோடை வந்தது. குளம் வற்றி நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அதைச் சுற்றி இருந்த சேறு மேலே காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீருக்குப் போக ஒரே ஒரு பாறைத்தடம்தான். அங்கே பெரிய மான்கள் முண்டியடித்தன. பொட்டுவுக்கு இடம் கிடைக்கவில்லை. நாக்கு வறண்டு போய் மைனாவிடம் வந்தது.

“மாமா, இந்தக் காஞ்ச சேத்து மேல நடந்து போகலாமா?”

மைனா தினமும் காலையில் அந்தச் சேற்றின் மேல்தான் பூச்சி பொறுக்கும். நம் எடை ஒரு பிடி, இதுவோ மான்குட்டி, இதையும் தாங்குமா என்று ஒரு நொடி அதற்குத் தோன்றத்தான் செய்தது. அதற்குள் கரையோரம் கிடந்த ஆமை தலையை நீட்டியது.

“இரு பொட்டு. அடியில எப்படி இருக்குன்னு போய்ப் பார்த்துட்டு வரேன்.”

பொட்டு ஆமையின் பக்கம் திரும்பியது. அது மைனாவுக்குப் பொறுக்கவில்லை.

“பாறை மாதிரி இருக்கு. நான் தினமும் நடக்கிறேனே, தைரியமாப் போ!”

பொட்டு போனது. நாலு அடி தாங்கியது. ஐந்தாவது அடியில் சேறு உடைந்து, குட்டி வயிறு வரை புதைந்தது. அதன் அலறல் கேட்டுத் தாய்மான் ஓடி வந்தது. கால் வைத்தால் தானும் புதைந்துவிடுவோம் என்று தெரிந்து கரையிலேயே நின்று தவித்தது. கடைசியில் ஒரு காட்டெருமை சேற்றை உழக்கிக்கொண்டு போய்க் குட்டியை முட்டித் தள்ளிக் கரையேற்றியது.

உயிர் பிழைத்தது, அவ்வளவுதான். முன்னங்கால் ஒன்று முறுக்கிக்கொண்டு, பிறகு நேராகவே இல்லை. ஓட முடியாத மானுக்குக் காட்டில் ஒவ்வொரு நாளும் கண்டம்தான். மந்தை வேறு தண்ணீர் தேடிப் போனபோது தாயும் குட்டியும் மட்டும் பின்தங்கிவிட்டன.

மைனா கிட்டே போக முடியாமல் இரண்டு நாள் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பொட்டுவின் முன்னால் இறங்கியது.

“எனக்குத் தெரியாமத்தான் சொன்னேன், பொட்டு.”

“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே, மாமா. ஆமையக்கா வர்ற வரைக்கும் நின்னிருப்பேனே.”

அதில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் மைனாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மழை பெய்து மேல்கரையில் புது அறுகு முளைத்தது. மைனா பக்கத்துப் புதரையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, பயமில்லை, போய் மேயலாம் என்று பொட்டுவிடம் சொன்னது. அது உண்மை. பொட்டு பசியோடு நின்ற இடத்திலேயே நின்று, ஆமை மெல்ல மெல்லக் கரையேறிப் போய்ப் பார்த்துத் திரும்பும்வரை காத்திருந்தது.

பிள்ளைகள் நம்பிக் கேட்கும்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும்; ஒருமுறை அந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டால், பிறகு நாம் சொல்லும் உண்மையும் அவர்கள் காதில் ஏறாது.